கோடை விடுமுறை முகாமில் கைவேலை: டர்பன் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்கப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிறது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், இசிப்பிங்கோ போன்ற இடங்களில் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப் பள்ளி வகுப்பறையிலோ பகல் முகாம் நடத்த முன்வருவோரும், அங்கே பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் கைவேலை நேரத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறோம்.

கைவேலைக்கு எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 ரேண்டு என்று வைத்துக்கொண்டு திட்டமிடலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால், கடையில் ஆயத்தமாக விற்கும் கைவேலைப் பெட்டிகளை நம்பித் திட்டம் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். அவை விலை மிக்கவை. எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஒரே மாதிரியான பொருளே உருவாகும். ஒரு துண்டு தொலைந்தால் வேலை நின்றுவிடும்.

கையிலுள்ள பணத்தை நல்ல கத்தரிக்கோலுக்கும் நல்ல வெள்ளைப் பசைக்கும் செலவிடுங்கள். வெட்டாத கத்தரிக்கோல் பிள்ளையின் கை வலிமையையும் பொறுமையையும் ஒருசேரத் தின்றுவிடும். ஒட்டாத பசை, அரை மணி நேரம் உழைத்துச் செய்ததை வீட்டுக்குப் போகும் வழியிலேயே பிரித்துவிடும். இடக்கையால் எழுதும் பிள்ளைகளுக்கென்று இடக்கைக் கத்தரிக்கோல் ஒன்றிரண்டு கட்டாயம் வாங்குங்கள். அது இல்லாமல் கோணலாக வெட்டும் பிள்ளையைத் திறமை போதாத பிள்ளை என்று பலர் தவறாக எண்ணிவிடுகிறார்கள். மற்ற எல்லாவற்றையும் சேகரித்தே நடத்தலாம்.

வீடுகளிலிருந்து என்னென்ன சேர்க்கச் சொல்லலாம்?

சீரியல் அட்டைப் பெட்டி, முட்டை அட்டை, பால் புட்டி மூடி, காலணிப் பெட்டி, பழைய செய்தித்தாள், பேரங்காடிகளின் வண்ண விளம்பரத் தாள், மீந்த கம்பளி நூல், உதிர்ந்த பொத்தான் ஆகியவற்றை நவம்பர் மாதமே கேட்டு வையுங்கள். முகாம் தொடங்கும் வாரத்தில் கேட்டால் எதுவும் வந்து சேராது.

எல்லாவற்றையும்விட உயர்ந்த சேகரிப்பு பழைய சேலைகள்தாம். ஓரம் நைந்துபோய், கட்டவும் முடியாமல் எறியவும் மனமில்லாமல் அலமாரியின் அடியில் கிடக்கும் சேலை நம் வீடுகளில் எப்படியும் ஒன்று இருக்கும். ஆயாவிடம் (பாட்டியிடம்) கேட்டால் அந்தச் சேலையோடு அதன் கதையும் சேர்ந்து வரும். பருத்திச் சேலையாக இருந்தால் ஓரத்தில் சிறிது வெட்டிவிட்டுக் கையாலேயே நேராகக் கிழிக்கலாம். பாலியெஸ்டர், ஜார்ஜெட் வகைகளைக் கத்தரிக்கோலால்தான் வெட்ட வேண்டும். அவை ஓரத்தில் நூல் பிரிந்துகொண்டே வருவதால் பட்டைகளைச் சற்று அகலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளுக்கு ஏற்ற வேலை எது?

தட்டுப் பின்னல். ஒருவரையொருவர் அறியாத பிள்ளைகள் கூடியிருக்கும் முதல் நாளில், கை வேலை செய்துகொண்டிருக்க வாய் பேசிக்கொண்டிருக்க இடம் தரும் வேலையே பொருத்தமானது.

ஒரு காகிதத் தட்டை எடுத்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஏறத்தாழ இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டுகள் போடச் சொல்லுங்கள். வெட்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பதே இந்த வேலையின் உயிர்நாடி. 15 அல்லது 17 என்று வைத்துக்கொள்ளலாம். சேலைப் பட்டையையோ கம்பளி நூலையோ ஒரு மடலுக்கு மேலாகவும் அடுத்ததற்குக் கீழாகவும் கொண்டுபோனால், ஒற்றைப்படையாக இருக்கும்போது இரண்டாம் சுற்றில் அது தானாகவே மாறி அமையும்: முதல் சுற்றில் மேலே போன இடத்தில் இப்போது கீழே போகும், பின்னலும் இறுகும். இரட்டைப்படையாக இருந்தால் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மீதே படுத்துக்கொள்ளும், பின்னல் விழாது. இதை முன்கூட்டியே விளக்கிவிடாதீர்கள். வேண்டுமென்றே 16 வெட்டுகள் போட்ட ஒரு தட்டையும் 17 வெட்டுகள் போட்ட ஒரு தட்டையும் மேசையில் வைத்து, இரண்டிலும் பின்னிப் பார்க்கச் சொல்லுங்கள். 8 வயதுப் பிள்ளைகூடக் காரணத்தைத் தானே கண்டுபிடித்து அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்.

நூலை இழுத்துப் பிடித்துப் பின்னினால் மடல்கள் மேல்நோக்கி எழுந்து தட்டு கிண்ணமாகிவிடும். தளர விட்டால் தட்டையாகவே இருக்கும். இரண்டுமே நல்லவைதாம், எது வேண்டும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

கோலத்தைக் கைவேலையாகச் சொல்லித் தரலாமா? எங்கள் பிள்ளைகள் பலர் அதைக் கோயில் விழாக்களில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

தாராளமாகத் தரலாம், முகாமின் ஒரு முழுக் காலைப்பொழுதை அதற்கே கொடுத்துவிடலாம். முதலில் கறுப்பு அட்டையில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் 1, 3, 5, 3, 1 என்று புள்ளி வைத்துப் பழகட்டும். புள்ளிகளை இணைக்கும் கோலம் சிறு பிள்ளைகளுக்கு எளிது. புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் சிக்குக் கோலத்தை 9 வயதுக்கு மேற்பட்டோருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்குக் கோலத்துக்குக் கம்பளி நூல் மிகவும் கைகொடுக்கும். ஒரே கோட்டில் தொடங்கி, தொடங்கிய இடத்திலேயே முடியும் கோலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அட்டையில் பென்சிலால் வரையுங்கள். பிள்ளை முதலில் அந்தக் கோட்டின் மீது விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். விரல் வழி அறிந்த பிறகு, கோட்டின் மேல் பசை தடவி, அறுபடாத ஒரே நூலை வளைவு வளைவாக வைத்து அழுத்தலாம். பசையைச் சிறிது சிறிதாகத்தான் தடவ வேண்டும். மொத்தமாகத் தடவினால் பாதி வழியிலேயே காய்ந்துவிடும். கடைசியில் நூல் தன் தொடக்கத்தையே வந்து தொடும்போது பிள்ளைகளின் முகத்தைக் கவனியுங்கள். கோலம் ஏன் நம் பெண்களின் கையில் இத்தனை காலம் நிலைத்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. ஆண் பிள்ளைகளும் உட்கார்ந்து போடட்டும்; அதற்குத் தடை சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றைக் கைவேலைக்குப் பயன்படுத்துவது சரியா?

இதைப் பல பெற்றோர் தயக்கத்தோடு கேட்கிறார்கள். அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. அடுத்த தெருவில் ஒரு குடும்பம் மாதக் கடைசியில் மீலி மாவுக்கு (மக்காச்சோள மாவுக்கு) திண்டாடும் ஊரில், அரிசியையும் பருப்பையும் அட்டையில் ஒட்டிப் படம் செய்வதை எங்களால் பரிந்துரைக்க முடியவில்லை. அதற்குப் பதிலாகக் கழுவி உலர்த்திய மணல், மரத்தூள், காய்ந்த இலைத்தூள், உடைத்த முட்டை ஓடு ஆகியவை அதே வேலையைச் செய்யும். வாசலில் இடும் அரிசி மாவு எறும்புக்கும் குருவிக்கும் உணவாகிறது. அதை வீண் என்று சொல்ல முடியாது. வண்டு விழுந்த பழைய மாவு யார் வீட்டிலாவது இருந்தால் அதை உப்பு மாவுப் பிசைதலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு மாவில் செய்தவை எங்களுக்குக் காய்வதே இல்லை. ஏன்?

டர்பனின் டிசம்பர் காற்றில் உள்ள ஈரமே காரணம். உப்பு அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நேற்றுக் கெட்டியாக இருந்தது இன்று பிசுபிசுக்கும். ஜோகன்னஸ்பர்க் போன்ற உயர்ந்த, வறண்ட இடத்தில் இரண்டு நாளில் காய்வது இங்கே ஒரு வாரம் ஆனாலும் முழுதாகக் காயாது. இணையத்தில் படிக்கும் குறிப்புகள் பெரும்பாலும் வறண்ட ஊர்க்காரர்கள் எழுதியவை என்பதை நினைவில் வையுங்கள்.

2 கோப்பை மாவு, 1 கோப்பை உப்பு, சுமார் முக்கால் கோப்பை தண்ணீர் என்பதே அளவு. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல், சப்பாத்தி மாவின் பதம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். செய்யும் பொருள் அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் போகக் கூடாது. தடித்தவை மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருந்து பூஞ்சை பிடிக்கும். மண்டபத்துச் சமையலறையில் அடுப்புப் பெட்டி இருந்தால் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரண்டு அல்லது மூன்று மணி நேரம் பெரியவர் ஒருவர் வைத்து எடுக்கலாம். ஆறியதும் இரண்டு பக்கமும் வார்னிஷ் பூசினால்தான் இந்த ஊரில் நிற்கும். உப்பு மாவில் அகல் விளக்குச் செய்வது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதில் எண்ணெயும் திரியும் இட்டு ஏற்றக் கூடாது. அலங்காரத்துக்கு மட்டும் வையுங்கள்.

இன்னொன்று: காய வைக்கிறோம் என்று சன்னல் ஓரத்தில் வைத்தால் குரங்குகள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். அத்தனை உப்பு குரங்குக்கும் நாய்க்கும் நஞ்சு போன்றது. மூடிய அறையில், மின்விசிறிக்குக் கீழே, கம்பி வலைத் தட்டில் வையுங்கள்.

வண்ணம் வாங்காமல் சமாளிக்க முடியுமா?

முழுதாக முடியாது, பாதிக்கு மேல் முடியும். வெள்ளை, கறுப்பு, நீலம் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சளும் சிவப்பும் சமையலறையில் இருக்கின்றன.

அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூளை இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து, வெள்ளைத் தாள் முழுவதும் பூசிக் காய விடுங்கள். அரைக் கோப்பை தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சோடா உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலில் தூரிகையைத் தோய்த்து மஞ்சள் தாளின் மேல் வரையச் சொல்லுங்கள். நிறமற்ற தண்ணீர் பட்ட இடமெல்லாம் செங்காவியாக மாறும். காரத் தன்மை பட்டால் மஞ்சள் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்யும் பழைய முறையும் இதையே அடிப்படையாகக் கொண்டது. பிழை நேர்ந்த இடத்தில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்தால் மீண்டும் மஞ்சளாகிவிடும் என்பதால், அழிப்பானும் கையிலேயே இருக்கிறது. நம் தோட்டங்களில் பூக்கும் சிவப்புச் செம்பருத்தியை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாறு, எலுமிச்சை பட்டால் இளஞ்சிவப்பாகவும் சோடா உப்பு பட்டால் பச்சையாகவும் மாறும். வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்த நீர் துணிக்கு நல்ல பழுப்பு மஞ்சளைத் தரும்.

இந்த நிறங்கள் வெயிலில் வெளுத்துவிடும் என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மஞ்சள் கறை உடுப்பிலிருந்து எளிதில் போகாது; பழைய சட்டை அணிவித்து அனுப்பும்படி பெற்றோருக்கும் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்தே தெரியாத பிள்ளைகள் வருகிறார்கள். கைவேலை வழியாகத் தமிழைத் தொட வைக்க முடியுமா?

முடியும், அதற்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பெரிய தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதிக் கொடுத்து, அதன் மீது பொத்தானையோ மணியையோ சேலைத் துண்டையோ ஒட்டச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் ‘கா’ என்ற எழுத்தின் வளைவில் பொத்தான் அடுக்கிய பிள்ளை அந்த எழுத்தை மறக்காது. பெயரில் உள்ள ஆங்கில ஒலிகளுக்காகக் கவலைப்படாமல், பிள்ளையின் வாயில் வரும் ஒலியைத் தமிழில் எழுதுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னும் ஆழமான ஒன்று உண்டு. நம் முன்னோரை ஏற்றி வந்த முதல் கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. சீரியல் அட்டையில் அந்தக் கப்பலின் உருவத்தை வெட்டி, பாய்க்குப் பழைய சேலைத் துணியைக் கட்டி, தம் குடும்பத்தினர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், கரும்புத் தோட்டத்தில் இருந்தார்களா, சுரங்கத்திலா, ரயில் பாதையிலா என்று ஆயா, தாத்தாவிடம் கேட்டறிந்த ஒரு வரியைப் பாயில் எழுதச் சொல்லுங்கள். விடை தெரியாத வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைகள் தாங்கள் அறிந்த மிகப் பழைய பெயர் ஒன்றை எழுதினால் போதும்.

தைப்பூசம் நெருங்குகிறது. சிறு காவடி செய்யலாமா?

செய்யலாம், செய்யும் முன் கோயில் ஐயரிடமும் நிருவாகத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. 25 சென்டிமீட்டர் நீளக் குச்சி ஒன்று, அதன் இரு முனைகளையும் வளைவாக இணைக்கும் 3 சென்டிமீட்டர் அகல அட்டைப் பட்டை ஒன்று, இரு முனைகளிலும் பாற்குடமாகத் தொங்கும் பால் புட்டி மூடிகள் இரண்டு. அடிப்படை அமைப்பு இவ்வளவுதான். சாமந்திப் பூவுக்கு, மஞ்சள், ஆரஞ்சு நிற மென்காகிதத்தைக் கைவிரல் அகலப் பட்டைகளாக வெட்டி, ஒரு ஓரத்தில் சீப்புப் பல் போல நெருக்கமாகக் கத்தரித்து, சுருட்டி, அடியில் நூலால் கட்டி விரித்துவிடுங்கள். மயிலிறகைப் பிள்ளைகள் தாளில் வரைந்து வெட்டட்டும். காவடியை விளையாட்டுப் பொருளாகத் தரையில் போடாமல், பூசை அறையிலோ அலமாரியிலோ வைக்கும்படி சொல்லி அனுப்புங்கள்.

இந்நாட்டின் மற்ற மக்களின் கலைகளையும் சேர்க்கலாமா?

சேர்க்கத்தான் வேண்டும். ஜூலு மக்கள் கள் பானையை மூட ‘இம்பெங்கே’ என்னும் சிறு கூடையைப் புல்லாலும் ஈச்ச ஓலை போன்ற ஓலைகளாலும் பின்னினார்கள். பிற்காலத்தில், இரவுக் காவலர்கள் தம் தடிகளில் தொலைபேசிக் கம்பியின் மீந்த துண்டுகளைச் சுற்றிப் பின்னத் தொடங்கி, அதே பின்னல் வண்ணக் கம்பிக் கூடையாக வளர்ந்தது. முதல் நாள் தட்டுப் பின்னல் பழகிய பிள்ளைக்கு அந்தக் கூடையைக் காட்டினால், அதன் நுட்பம் கை வழியாகவே புரியும். கம்பி வேண்டுமானால் மின் வேலை செய்பவரிடம் மீந்த துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். தெருவில் கிடக்கும் கம்பியை எடுத்துவரப் பிள்ளைகளை ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

என்டெபெலே மக்களின் சுவர் ஓவியம் கோலத்துக்கு நெருங்கிய உறவு. அங்கும் தாயிடமிருந்து மகள் கற்கிறாள். அங்கும் வீட்டின் வெளிப்புறமே ஓவியத்தின் இடம். 1935இல் பிறந்த எஸ்தர் மஹ்லாங்கு தம் 10ஆம் வயதில் தாயிடமும் பாட்டியிடமும் கற்றுக்கொண்டு, கோழி இறகைத் தூரிகையாகக் கொண்டு வரைந்து, 1991இல் பிஎம்டபிள்யூ கார் ஒன்றின் மீதே அந்த ஓவியத்தைத் தீட்டியவர். பிள்ளைகள் காலணிப் பெட்டியை வீடாக வைத்துக்கொண்டு, கறுப்புக் கோட்டால் கட்டம் பிரித்து, நடுவில் வண்ணம் நிரப்பலாம். அளவுகோல் கொடுக்காதீர்கள், அவரும் அளவுகோலின்றியே வரைகிறார்.

12, 13 வயதுப் பையன்கள் இவற்றில் சேர மறுக்கிறார்கள்.

அவர்களுக்குக் கம்பிக் கார். தென் ஆப்பிரிக்கப் பகுதியெங்கும் பிள்ளைகள் தாமே செய்து ஓட்டிய விளையாட்டுப் பொருள் இது. பழைய துணி மாட்டும் கம்பியை நிமிர்த்திச் சட்டகமாக வளைத்து, காலணி மெழுகு டப்பியின் மூடிகளைச் சக்கரமாக்கி, நீண்ட கம்பியின் மேல் முனையில் திருப்பும் வளையம் வைத்தால் நின்றபடியே ஓட்டலாம். குறடும் கையுறையும் வேண்டும்; வெட்டிய ஒவ்வொரு முனையையும் உள்நோக்கிச் சுருட்டிவிட வேண்டும். இரண்டு நாள் வேலை. மூன்றாம் நாள் மண்டபத்து முற்றத்தில் ஓட்டப் பந்தயம் வையுங்கள்.

மின்வெட்டு வந்தால்?

மேலே சொன்னவற்றுள் உப்பு மாவு ஒன்றுக்கு மட்டுமே மின்சாரம் தேவைப்படும். சூட்டுப் பசைத் துப்பாக்கியை நாங்கள் பிள்ளைகளின் மேசைக்குக் கொண்டுவருவதே இல்லை. விரல் சுட்டுக்கொள்வதற்கு வேறு கருவி தேவையில்லை.

பெரியவர்கள் எவ்வளவு உதவலாம்?

கேட்ட அளவுக்கு மட்டும். பிள்ளையின் கையிலிருந்து வாங்கித் திருத்திக் கொடுப்பதைத் தொண்டர்கள் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அக்காவோ அண்ணாவோ தம் கையில் தனியாக ஒன்றை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து செய்யட்டும். பிள்ளை பார்த்துக் கற்றுக்கொள்ளும். முழுமையாக முடித்த அழகான மாதிரியை முன்னால் வைக்காதீர்கள். அதைப் பார்த்ததும் பாதிப் பிள்ளைகள் தம்முடையது நன்றாயில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். பாதி முடிந்த மாதிரி போதும். ஒரு வேலை 5, 6 வயதினருக்கு அரை மணி நேரமும் பெரிய பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரமும் தாங்கும்.

3 வயதுக்குட்பட்ட தம்பி, தங்கைகள் உடன் வந்தால் மணி, பொத்தான் உள்ள மேசையிலிருந்து அவர்களைத் தள்ளி உட்கார வையுங்கள், தொண்டையில் சிக்கும்.

செய்தவற்றை எப்படி வீட்டுக்கு அனுப்புவது?

ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே ஒரு காலணிப் பெட்டியைக் கொடுத்து, மூடியின் உட்புறம் பெயரையும் வெளிப்புறம் விரும்பிய ஓவியத்தையும் இடச் சொல்லுங்கள். காய்ந்தவை மட்டுமே பெட்டிக்குள் போக வேண்டும். ஈரமானவற்றை அடுத்த நாள் காலை வரை மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் பெற்றோர் வரும்போது கோலப் பலகையையும் கப்பலையும் மேசையில் பரப்பி, எப்படிச் செய்தார்கள் என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும். பரிசு, மதிப்பெண், முதலிடம் எதுவும் வேண்டாம். மீந்த நூலையும் அட்டையையும் சிறு பொட்டலங்களாகக் கட்டி, விருப்பமுள்ள பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். பள்ளி திறக்க இன்னும் சில நாள்கள் இருக்கும்.